யஷ்வந்த் செய்த பீர்ப் பெட்டி

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட்டுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பட்டறை யஷ்வந்துடையது. அப்பா சீனிவாசலுவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து அதை எடுத்துக்கொண்டான். பெங்களூரில் பீர் குடிக்கப் பழகியவர்கள் நிறையப் பேர். இவன் காய்ச்சவும் பழகிக்கொண்டு வந்திருந்தான்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில் அவன் காய்ச்சுவான். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டும், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவும் ஆன்லைனில் வரும். பெரிய அண்டாவில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, மூடி போட்ட வாளியில் புளிக்கவிட்டு, பிறகு பாட்டிலில் அடைப்பான். சட்டப்படி இது செய்யக்கூடாத காரியம் என்று அவனுக்கும் தெரியும், குடிக்க வருகிறவர்களுக்கும் தெரியும். அதனால் வருவது மூன்று பேர்தான். உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மயில்சாமி, போத்தனூரில் ரயில்வே வேலையில் இருக்கும் சைமன், சைமனின் மனைவி ஜோஸ்லின். எல்லோரும் கல்லூரிக் காலத்துப் பழக்கம். போட்டோ எடுக்கக் கூடாது, வெளியே பேசக் கூடாது என்பது ஏற்பாடு.

வெளியே போய்ப் பேசும் அளவுக்கு அந்த பீரில் ஒன்றும் இருந்ததும் இல்லை. மாடி அறையின் சூட்டில் அழுகல் வாழைப்பழ வாசம் ஒன்று அதில் ஏறிவிடும். மயில்சாமி மட்டும் முகம் சுளிக்காமல், "போன தடவைக்கு இது தேவலைங்க மாப்ள" என்பான். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னான்.

யஷ்வந்தின் மனைவி அக்ஷிதா நுண்ணுயிரியல் படித்தவள். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் சிப்பிக் காளானுக்கு வித்து தயாரித்துச் சுற்றுவட்டாரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏசி போட்ட அறை. அதற்குள் போகிறவர்கள் குளித்து, கைக்கு ஸ்பிரிட் தடவிக்கொண்டுதான் போக வேண்டும். யஷ்வந்த் அதற்குள் போவதே கிடையாது. போக விட்டால்தானே.

ஒரு தடவை அவன் ஆர்டர் விஷயமாக ராஜ்கோட் போனான். போன இடத்தில் வேலை இழுத்துக்கொண்டது. வாங்கிவைத்த மால்ட்டில் வண்டு விழத் தொடங்கியதைப் பார்த்த அக்ஷிதா, வீணாகப் போகிறதே என்று தானே காய்ச்சிவிட்டாள். அவன் செய்வதைப் பல முறை பார்த்திருக்கிறாள். வித்துப் பைகளுக்குச் செய்கிற அதே சுத்தத்தை வாளிக்கும் செய்து, அதே குளிர்ந்த அறையின் மூலையில் வைத்துவிட்டு, மறந்தும் திறந்து பார்க்காமல் விட்டாள். புளித்து முடிந்ததும் பாட்டிலில் அடைத்தாள்.

அவன் ஊர் திரும்பி, நண்பர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டிலைத் திறந்தார்கள். ஜோஸ்லின் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சைமன் வீட்டார் வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுகிறவர்கள். அவர்கள் நாக்கு லேசில் ஏமாறாது.

"யஷ்வந்து, இது கடையில வாங்குனதுதானே?" என்றாள்.

"அக்ஷிதா போட்டது."

"அம்மணிங்களா?" மயில்சாமி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "ஏனுங்க அம்மணி, இத்தன நாளா எங்க இருந்தீங்க? இந்த மனுசன் ஊத்துனதையெல்லாம் நாங்க மருந்தாட்ட முழுங்கிட்டு இருந்தமுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். யஷ்வந்தும் சிரித்தான். ஆனால் "மருந்தாட்ட" என்ற வார்த்தை முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றது. ஒவ்வொரு தடவையும் தேவலை, தேவலை என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தானே இந்த மயில்சாமி?

அக்ஷிதா பீர் குடிப்பதில்லை. ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவாள். குடிக்கவே குடிக்காத ஒருத்தி செய்தது, உயிரைக் கொடுத்துச் செய்த தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அறை குளிராக இருப்பதால்தான் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டான். கேட்டதும் அவளும் தட்டவில்லை. குளித்துவிட்டு வரச் சொல்லி அவன் வாளிக்கும் இடம் கொடுத்தாள். அவனோ ஈஸ்ட் வேலை செய்கிறதா என்று தினமும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். அது புளித்துக் காடியாகிவிட்டது. பக்கத்திலேயே இருந்த அவள் வாளி தேன் நிறத்தில் தெளிந்து நின்றது.

"கை ராசிங்க, அம்மணிக்கு" என்றான் மயில்சாமி.

அந்த வாரம்தான் யஷ்வந்துக்கு பீர்ப் பெட்டி யோசனை வந்தது. பெங்களூரில் பார்த்திருக்கிறான். பாட்டில் கிடையாது, திறப்பான் கிடையாது. பெட்டிக்குள் கெக் என்கிற எவர்சில்வர் பீப்பாய் உட்கார்ந்திருக்கும், குழாயைத் திருப்பினால் சில்லென்று பீர் இறங்கும். அக்ஷிதாவுக்குக் காய்ச்சத் தெரியும். கடையத் தெரியுமா? வெல்டிங் வருமா? இது தன் ராஜ்ஜியம் என்று நினைத்தபோது பல நாள் கழித்து அவனுக்கு நன்றாகப் பசித்தது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் மூடிப்போன ஐஸ்கிரீம் கடையிலிருந்து, மேல் பக்கம் திறக்கிற பழைய ஃப்ரீசர் ஒன்றை எடுத்து வந்தான். அதன் சுவருக்குள் எங்கே கேஸ் குழாய் ஓடுகிறது என்று வெளியே தெரியாது. தெரியாமல் துளை போட்டால் பெட்டியே போய்விடும். அதனால் பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு சாண் உயரத்துக்குத் தேக்குச் சட்டம் வைத்து, சட்டத்தில் துளை போட்டு பீர்க் குழாயைப் பொருத்தினான். ஃப்ரீசரை அப்படியே விட்டால் பீர் கட்டியாகிவிடும் என்று, வேண்டிய குளிர் வந்ததும் கரண்டை நிறுத்திவிடும் கருவி ஒன்றை மாட்டினான். பழைய கெக் ஒன்றை வாங்கி அதன் ரப்பர் வாஷரை மாற்றினான். உள்ளே ஒரு மூலையில் கரியமில வாயு சிலிண்டர், அதன் தலையில் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர். வாயுதான் பீரைத் தள்ளிக் குழாய்க்குக் கொண்டுவரும், அதுதான் பீருக்குள் கரைந்து நுரையும் கொடுக்கும். இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தான். குழாயின் கைப்பிடியைப் பித்தளையில் தன் கையாலேயே கடைந்து, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டான்.

ஒரு நாள் அக்ஷிதா டீ கொண்டுவந்தவள், கெக்கிலிருந்து பீர்க் குழாய்க்குப் போகிற டியூப்பைக் குனிந்து பார்த்தாள். "டியூப் ரொம்பக் குட்டையா இருக்குதுங்களே. வேகமா வந்து நுரையாப் போயிடாதுங்களா?"

அவனுக்கும் அந்தச் சந்தேகம் காலையிலிருந்தே இருந்தது. அவள் வாயால் கேட்டதும் பிடிவாதம் வந்துவிட்டது. "அதெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கேன்" என்றான். அவள் உள்ளே போனதும் நீளமான டியூப்பை எடுத்து மாற்றினான். மாற்றியதை அவளிடம் சொல்லவில்லை.

கூடத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் பெட்டி தயாரானது. பார்க்க அழகாகவே இருந்தது. அதில் முதலில் தன் பீர்தான் இறங்க வேண்டும் என்று மாடியில் ஒரு வாளி போட்டிருந்தான். அது மறுபடியும் வாழைப்பழம். ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோரையும் கூப்பிட்டபோது மயில்சாமி போனில் கேட்ட முதல் கேள்வி, "அம்மணி போட்டதுதானுங்களே மாப்ள?" என்பதுதான். பெட்டியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் அக்ஷிதாவின் பீர் கெக்குக்குள் போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் யஷ்வந்த் சாப்பிட வீட்டுக்கு வந்தான். அக்ஷிதா வித்துப் பைகளைக் கொடுக்க வெளியே போயிருந்தாள். பெட்டியின் குழாயில் கால் டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்தான். சுத்தமாக, லேசான கசப்போடு, பின்னால் ஆரஞ்சுத் தோலின் வாசம் மாதிரி ஒன்று. ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. நாளைக்கழித்து அவர்கள் என்ன பேசப் போகிறார்கள் என்பது அவன் காதில் இப்போதே விழுந்தது. இந்தப் பெட்டியை மாதக்கணக்கில் செய்தவன் இங்கே நிற்பான். எல்லோரும் அவள் பக்கம் திரும்பி நிற்பார்கள்.

பெட்டியின் மூடியைத் தூக்கினான். அவன் கை ரெகுலேட்டருக்குப் போனது. திருகை ஒரு சுற்று, இரண்டு சுற்று. அழுத்தம் காட்டும் முள் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போய் நின்றது. வாயு அதிகமாகக் கரைந்தால் பீர் வெறும் நுரையாகத்தான் வரும். ருசியும் எரிப்பாகிவிடும். "இந்தத் தடவ அவ்வளவாச் சரியில்லீங்க" என்று ஒருவர் சொன்னால் போதும். ஒரே ஒரு தடவை. ஞாயிறு காலையில் முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மூடியைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத்தான் அழைப்பு. மயில்சாமி காலைப் பலகாரத்துக்கே வந்து நின்றான். ஜீப்பில் இளநீர்க் குலையை இறக்கிப் போட்டுவிட்டு நேராகப் பெட்டிக்குப் போய் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். யஷ்வந்துக்கு மூடியைத் திறந்து முள்ளை இறக்கச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சைமனும் ஜோஸ்லினும் வந்துவிட்டார்கள்.

"திறப்பு விழா செஞ்சுபோடலாமுங்களா?" என்று மயில்சாமி பித்தளைக் கைப்பிடியை இழுத்தான்.

குழாய் சீறியது. வெள்ளை நுரை டம்ளரை நிரப்பி, வழிந்து, அவன் வேட்டியில் கொட்டியது. இன்னொரு டம்ளர் வைத்தார்கள். அதிலும் நுரை. ஜக்கு வைத்தார்கள். ஜக்கு நிறைய நுரை ஏறி, அடங்கியபோது அடியில் விரல்கடை அளவு பீர் இருந்தது.

யஷ்வந்த் காத்திருந்தான். இப்போது சொல்வார்கள்.

"ஏனுங்க மாப்ள, பீர்ப் பெட்டி செஞ்சீங்களா, வாஷிங் மெஷின் செஞ்சீங்களா?" என்றான் மயில்சாமி.

சைமன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என் யூனிஃபார்மக் கொண்டாந்திருந்தா துவச்சிருக்கலாம்" என்றான்.

"பெட்டியில ஏதோ கோளாறு போல" என்றாள் ஜோஸ்லின். "பாவம், அக்ஷிதா பீரு வீணாப் போகுது."

யஷ்வந்துக்குக் காது மடல் எரிந்தது. இது அவன் நினைத்தே பார்க்காதது. நுரை வந்தால் பீர்மேல் பழி விழும் என்று நினைத்தான். பெட்டிமேல் விழுந்தது. மாதக்கணக்கில் செய்த பெட்டியைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டு நிற்கிறான். பெட்டி நல்ல பெட்டி என்று வாயைத் திறந்து சொல்லவும் முடியாது.

சமையலறையிலிருந்து அக்ஷிதா வந்தாள். வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த மயில்சாமியைப் பார்த்தாள், தரையில் நுரையைப் பார்த்தாள். பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே குனிந்தாள். ரெகுலேட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி யஷ்வந்தைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"பெட்டிமேல ஒண்ணும் தப்பில்லீங்க" என்றாள் மற்றவர்களிடம். "நாந்தான் கேஸ் பத்தாதோன்னு நேத்துத் திருப்பிவச்சுப்போட்டேன். ஓவராப் போயிருச்சு."

சிலிண்டரை மூடினாள். கெக்கின் மேலிருந்த வளையத்தை இழுத்து வாயுவை வெளியே விட்டாள். நின்று நின்று, விட்டு விட்டு, சாப்பாடு முடியும் வரை இடையிடையே வந்து அதையே செய்தாள். பிறகு முள்ளைக் கீழே இறக்கிவைத்துக் குழாயைத் திறந்தாள். தெளிவாக, மேலே இரண்டு விரல் நுரையோடு பீர் இறங்கியது.

"பெட்டியையும் அம்மணியே ரிப்பேர் பண்ணிப்போட்டாங்க பாருங்க!" என்று மயில்சாமி கத்தினான்.

யஷ்வந்த் தரையில் கிடந்த நுரையைத் துடைத்தான். அவள் தன்னைக் காப்பாற்றிவிட்டாள். காப்பாற்றியதிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

விருந்தாளிகள் போனதும் அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே பேசினாள். கோபம் வந்தால் அவளுக்கு வீட்டுத் தெலுங்குதான் வாயில் வரும். என்னங்க என்பதற்கு "ஏமண்டி" என்றுதான் ஆரம்பித்தாள். அந்தப் பாஷையில் அவள் கேட்டது இதுதான்: "எதுக்காகச் செஞ்சீங்க?"

"சும்மா, டெஸ்ட் பண்ணி..."

"பொய் சொல்ல வேண்டாம். ஷாஃப்ட்டை மயிரிழை பிசகாமக் கடையறவர் நீங்க. முள்ளு தெரியாமத் திருப்புவீங்களா?"

அவள் கழுவிய டம்ளர் ஒன்றை எடுத்து அவன் கவிழ்த்துவைத்தான்.

"நான் பழியை ஏத்துக்கிட்டது உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள். "பொண்டாட்டி நல்லாச் செய்யறான்னு புருஷனே கெடுத்துட்டான்னு நாலு பேரு பேசுனா, எனக்குத்தான் கேவலம். நான் குடிக்கிறது கூட இல்ல. நீங்க ஆசையாச் செய்யறீங்களேன்னுதான் கூட நின்னேன். இனி எனக்கு இது வேண்டாம்."

மறுநாளிலிருந்து அவள் காய்ச்சவில்லை. கெக் காலியானதும் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். மாடி அறைப் பக்கம் போகவில்லை. மற்றபடி எல்லாம் வழக்கம்போலவே நடந்தன. சோறு நேரத்துக்கு வந்தது. பேச்சும் வந்தது. ஆனால் அவன் எதைச் செய்தாலும் குனிந்து பார்த்து ஒரு கேள்வி கேட்பாளே, அது வரவில்லை. அந்தக் கேள்விகளைத்தானா இத்தனை நாள் வெறுத்தோம் என்று அவனுக்கே புரியவில்லை.

ஒரு சாயங்காலம் மயில்சாமியும் சைமனும் பட்டறைக்கு வந்தார்கள். லேத்தை நிறுத்திவிட்டு டீ வரவழைத்தான். பேச்சு பெட்டிக்கு வந்தது.

"இனி எப்பங்க மாப்ள?" என்றான் மயில்சாமி. "ஆனா ஒண்ணு. அம்மணியக் காய்ச்சறதோட நிறுத்திக்கச் சொல்லுங்க. மெசினு சமாச்சாரம் பொம்பளைங்களுக்குத் தோதுப்படாதுங்க. நீங்க எப்பேர்ப்பட்ட பெட்டி செஞ்சு வச்சிருந்தீங்க, அதப் போயித் திருகிவச்சு நாசம் பண்ணிப்போட்டாங்க."

எப்பேர்ப்பட்ட பெட்டி! இதைக் கேட்கத்தானே அத்தனையும் செய்தான். நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் அது இருந்தது. அதற்குப் பிறகு, நாசம் பண்ணியது அவள் என்று தன் முன்னாலேயே ஒருவன் பேச, அதைத் தான் ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உறைத்தது. டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"அவ திருப்பல" என்றான். "நான் திருப்புனேன்."

"நீங்களா? எதுக்குங்க?"

"அவ பீரு நல்லா இல்லைன்னு நீங்க சொல்லணும்னு."

மயில்சாமி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தான். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தான். டீ சட்டையில் சிந்தியது. "கட்டுன பொண்டாட்டி காய்ச்சுன பீருக்கு வயிறெரிஞ்ச ஆளு, இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தானுங்க மாப்ள!"

சைமன் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல கிறிஸ்துமஸ் கேக்கு ரெண்டு" என்றான். "ஜோஸ்லின் ஒண்ணு போடுவா, நான் ஒண்ணு போடுவேன். கல்யாணமான மொத வருசம் ஒண்ணாப் போட்டோம். பொறவு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்ல."

மயில்சாமியிடம் சொன்னது எங்கே நிற்கும்? இரண்டு நாளில் ஜோஸ்லின் மூலமாக அக்ஷிதாவுக்கே வந்துவிட்டது.

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டீங்களாமா?" என்றாள் இரவுச் சாப்பாட்டின்போது.

"ரெண்டு பேருகிட்டத்தான் சொன்னேன்."

"மயில்சாமி அண்ணங்கிட்டச் சொன்னா அது ரெண்டு பேரா?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவன் கேட்காமலே ரசத்தை ஊற்றினாள். மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள், வித்துப் பைகளுக்கு ரப்பர் போட்டுக்கொண்டே, "ஆன்லைன்ல மால்ட்டு போடறப்ப எனக்கும் சேத்துப் போடுங்க" என்றாள். "உங்களுது வேற, என்னுது வேற. கலக்கக் கூடாது."

யஷ்வந்த் தேக்குச் சட்டத்தில் இரண்டாவது துளை போட்டான். இன்னொரு குழாய், இன்னொரு கெக். இடது பக்கம் அவளுக்கு, வலது பக்கம் அவனுக்கு. வாயுவை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி ரெகுலேட்டர் வைத்தான். இந்த முறை டியூப்பின் நீளத்தை அவளிடமே கேட்டான். அவள் சொன்னதைவிட ஒரு முழம் கூட்டி வெட்டினான். அதை அவள் பார்த்தாள். தன் பீரை அவன் அவள் அறையில் ஒரு மூலையில் வைத்தான். இந்த முறை மூடியைத் திறக்கவில்லை. சரியாகச் சொன்னால், ஒரே ஒரு தடவை திறந்தான்.

நண்பர்கள் மறுபடி வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் முதலில் இரண்டு குழாயிலும் ஒவ்வொரு டம்ளர் பிடித்தார்கள். "உன்னுது இப்ப நல்லா இருக்குது யஷ்வந்து" என்றாள் ஜோஸ்லின். பொய் சொல்வதாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டாவது டம்ளருக்கு அவள் கை இடது பக்கக் குழாய்க்குப் போனது. சைமனின் கையும் அங்கேதான் போனது. மயில்சாமி அதற்குப் பிறகு வலது பக்கம் வரவே இல்லை.

யஷ்வந்த் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு டம்ளரையும் பார்த்தான். அதே எரிச்சல்தான், துளியும் குறையவில்லை. மூடிக்குள்ளே கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு ரெகுலேட்டர்களும் இருந்தன. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கூடத்தில் அக்ஷிதா மயில்சாமிக்குப் பிரியாணி வைத்துக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் இந்தப் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு முன்னாலேயே இடது குழாய் புஸ்ஸென்று காற்றைத் துப்பியது. கடைசியாக விழுந்த அரை டம்ளரை யஷ்வந்த் தானே பிடித்துக்கொண்டான். நின்றபடியே குடித்தான். சில்லென்று இருந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் தேடிப் பார்த்தான், ஒரு குறையும் அகப்படவில்லை. டம்ளரை வைத்துவிட்டு மூடியைத் திறந்து, காலியான கெக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கழுவுவதற்காகப் பின்பக்கக் குழாயடிக்குப் போனான்.